தாடையில் பரு, கன்னத்தில் தழும்பு, அலமாரியில் ஐந்து பாட்டில்: எதை வைத்துக்கொள்வது?

கேள்வி:

எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போக வர தினமும் ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் ஆகும். எண்ணெய் வடியும் முகம். இரண்டு வருடமாகத் தாடை ஓரத்தில் பரு வருகிறது, காய்ந்தால் கரும்புள்ளியாகத் தழும்பு நின்றுவிடுகிறது. நெற்றியிலும் பொடிப்பொடியாக ஏதோ இருக்கிறது. வீடியோ பார்த்துப் பார்த்து சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், கிளைகாலிக் டோனர், வைட்டமின் சி சீரம், 10 சதவீத நியாசினமைடு, ரெட்டினால் எல்லாம் வாங்கிவிட்டேன். இப்போது தண்ணீர் பட்டாலே முகம் காந்துகிறது. இதுபோக, பக்கத்து மெடிக்கலில் கொடுத்த ஒரு ட்யூபை ஒரு வருடமாக இரவில் போடுகிறேன். போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது, இரண்டு நாள் விட்டால் சிவந்துபோய்ப் பரு கிளம்புகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கடலை மாவும் எலுமிச்சையும் போடு என்கிறார் அம்மா. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். எனக்கென்று சரியாக ஒரு ரொட்டீன் சொல்லுங்கள், டாக்டர். தங்கைக்கு 19 வயது. வறண்ட சருமம், மேல்கையில் சொரசொரவென்று இருக்கும். அவளுக்கும் இதையே வாங்கிக் கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அந்த ட்யூபிலிருந்து ஆரம்பிக்கிறேன். சீரம்களையெல்லாம் பெயரோடும் சதவீதத்தோடும் எழுதிய நீங்கள், ஒரு வருடமாக முகத்தில் போடும் மருந்துக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. போட்டால் பளிச், விட்டால் சிவப்பு என்று யாராவது சொன்னால் எங்கள் மனதில் முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டு.

ட்யூபை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தால் அது மூன்று மருந்துக் கலவை. 1975-ல் அமெரிக்காவில் க்ளிக்மேன், வில்லிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் நிறத்தைக் குறைப்பதற்காக உருவாக்கிய கலவையின் வழிவந்தது அது. மங்குக்கு நாங்களும் அதை எழுதுவதுண்டு. ஆனால் சில வாரங்களுக்கு, நாள் குறித்து, நிறுத்தும் தேதியும் சொல்லித்தான் எழுதுவோம். அதே சரக்கு நம் ஊரில் வெள்ளையாக்கும் க்ரீம் என்ற பெயரில் கைமாறி, வருடக்கணக்கில் முகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அட்டவணை எச்-சில் சேர்த்தது. சேர்த்து என்ன, இன்றும் "முகம் டல்லா இருக்கு அண்ணா" என்று கேட்டால் கவுன்டருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஸ்டீராய்டு முதல் சில வாரம் அற்புதமாக வேலை செய்யும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும், அதனால் முகம் தெளிவாகத் தெரியும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிகிறது, சிறு ரத்த நாளங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன, கன்னத்தில் பூனைமுடி அடர்கிறது, ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாக வருகின்றன. ஒரு நாள் நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த அழற்சி மொத்தமாகக் கிளம்பும். நீங்கள் "பரு கிளம்புகிறது" என்று எழுதியது இதுவாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பருவை எந்த சீரமும் அடக்காது.

ட்யூபில் ஸ்டீராய்டு இருந்தால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், அதற்காகத் தொடரவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், ட்யூபைக் கையோடு கொண்டுபோங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்திவிட்டு வேறு மருந்தால் சிவப்பைச் சமாளிப்பதா என்பது முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது. எப்படியும் ஒன்றிரண்டு மாதம் முகம் படுத்தும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஏதாவது வந்தவுடன் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று பழைய ட்யூபை மறுபடி எடுப்பவர்கள்தான் அதிகம். அந்த ஒரு நாளை மட்டும் தாண்டிவிடுங்கள்.

ட்யூபில் பெயரே இல்லாமல், டப்பாவில் அடைத்த க்ரீம் என்றால் இன்னும் மோசம். அந்த மாதிரி சரக்கில் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. 2023-ல் கேரளாவின் மலப்புரம் பகுதியில் சிலருக்கு வந்த சிறுநீரகக் கோளாறுக்குக் காரணம் தேடிய மருத்துவர்கள், கடைசியில் அவர்கள் பூசிய சிவப்பழகு க்ரீமில் வந்து நின்றார்கள். நீங்கள் குழந்தைக்குத் திட்டமிடுவதால் இதில் சமரசமே கிடையாது.

சரி, இப்போது அலமாரிக்கு வருவோம்.

நீங்கள் வாங்கிய ஐந்தும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பொருட்கள்தான், ஒன்றும் போலி கிடையாது. ஆனால் புளி, தக்காளி, மாங்காய், எலுமிச்சை நான்கையும் ஒரே குழம்பில் போட்டது மாதிரி ஆகிவிட்டது. சாலிசிலிக் ஒரு அமிலம், கிளைகாலிக் இன்னொன்று. வைட்டமின் சி சீரத்தில் பெரும்பாலும் இருக்கும் அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் போக வேண்டுமென்றால் அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 3.5-க்கும் கீழே இருக்க வேண்டும், ஆக அதுவும் அமிலம். இவற்றுக்கு மேல் செல்களை வேகமாகப் புதுப்பிக்கத் தூண்டும் ரெட்டினால். அதற்கும் மேல், 4, 5 சதவீதமே போதுமான நியாசினமைடு 10 சதவீதத்தில். இதெல்லாம் போதாதென்று ஸ்டீராய்டு மெலிய வைத்த தோல். காந்தாமல் என்ன செய்யும்?

தோலின் மேல்மட்டத்தில் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து ஒரு காப்புப் படலம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியே இருக்கும் எரிச்சல் உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். உங்களுக்கு இப்போது போயிருப்பது அந்தப் படலம். முகத்தில் எண்ணெய் வடிந்துகொண்டே இருக்கும்போது உள்ளே வறட்சியும் எரிச்சலும் எப்படி என்று நிறையப் பேர் கேட்பார்கள். எண்ணெய்ச் சுரப்பி வேறு, இந்தப் படலம் வேறு. அது வடிவதால் இது சரியாகாது.

அதனால் முதல் நான்கு வாரம் ஐந்து பாட்டிலும் மூடியே இருக்கட்டும். காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் மிதமான ஒரு ஃபேஸ்வாஷ், இரண்டு வேளையும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். அவ்வளவுதான். மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைடு என்ற இரண்டு பெயர் இருந்தால் போதும். திருப்பூர் வெயிலுக்கு கெட்டியான க்ரீம் வேண்டாம், லோஷனோ ஜெல்லோ வாங்குங்கள்.

ஃபேஸ்வாஷ் விஷயத்தில் உங்கள் ஊர்த் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். போர் தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டால் நுரை வருவதற்கு முன் திரிதிரியாக ஒன்று படியுமே, தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் படிவு அது. குளியலறைச் சுவரில் வெள்ளையாகப் படிவதில் ஒரு பங்கு முகத்திலும் படிகிறது. தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும், சாதாரண சோப்பு 9, 10. எனவே சோப்பு இல்லாத, நுரை குறைவான க்ளென்சராக வாங்குங்கள். குடிக்கும் கேன் தண்ணீரில்தான் முகம் கழுவ வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசினால் போதும்.

நான்கு வாரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேல்தோல் ஒரு சுற்று புதிதாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் காந்தல் நின்றுவிடும், உடனே பாட்டிலைத் திறக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை, உங்கள் முகத்தைக் கவனிப்பது. என்ன பொருள் போடுவது என்பதை உங்கள் சருமம் எண்ணெயா வறட்சியா என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. என்ன தொந்தரவு, அது எதனால் வருகிறது, உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பவை சேர்ந்துதான் தீர்மானிக்கும். நீங்கள் ஒரே மூச்சில் எழுதிய மூன்று தொந்தரவும் மூன்று வேறு விஷயங்கள்.

முதலில் நெற்றிப் பொடி. இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அரிக்கிறதா? எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது பருவே இல்லாமல் இருக்கலாம். மலசேசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் குடியிருப்பது. வியர்வையும் எண்ணெயும் கிடைத்தால் முடிக்கால்களில் பெருகி இப்படிப் பொடிப்பொடியாகக் கிளம்பும். பருவுக்கான எந்த மருந்தும் இதைத் தொடாது. பூஞ்சைக்கு எதிரான மருந்துதான் வேண்டும், அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அரிப்பு இல்லை, வெள்ளை முனையோடு அடைத்துக்கொண்ட பொடிகள் என்றால் என் சந்தேகம் தேங்காய் எண்ணெய் மீது. தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டால், ஹெல்மெட்டின் உள்பஞ்சு எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு தினமும் காலை மாலை நெற்றியில் ஒத்தி எடுக்கிறது. எண்ணெயே வைக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நம் வீடுகளில் நடக்காது. தலைக்குக் குளிக்கும் நாளன்று, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, அலசிவிடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணி கழன்று வருவதாக இருந்தால் வாரம் ஒரு தடவை துவையுங்கள். வராது என்றால் உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம். பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்குத் துணிக்கா பஞ்சம்!

அடுத்தது தாடை. ஹெல்மெட் வார் உரசும் இடம் அது. வார், அதற்கு மேல் மூக்கு வரை இறுக்கிக் கட்டிய துப்பட்டா, உள்ளே வியர்வை, முக்கால் மணி நேர உரசல். இதனால் மட்டுமே பரு வருவதுண்டு, ஏற்கெனவே வருபவர்களுக்கு அதிகமாவதும் உண்டு. பருக்கள் வார் போகும் வழியில் மட்டும் இருக்கின்றனவா, கழுத்து வரை இறங்குகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். ஹெல்மெட்டை விடச் சொல்கிறேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வாரில் மென்மையான துணி உறை ஒன்று போடுங்கள், துப்பட்டாவை தினமும் மாற்றுங்கள்.

ஆனால் 30 வயதுக்குப் பிறகு தாடை ஓரத்தில் ஆழமாக, வலியோடு, மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன் கிளம்பும் பரு என்றால் ஹார்மோனையும் பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, மோவாயில் முடி முளைக்கிறதா, தலைமுடி உச்சியில் மெலிகிறதா, பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள், எப்படியும் அவரைப் பார்க்கப் போகிறீர்கள்தானே. கழுத்துக் கறுப்பை ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது அழுக்கு கிடையாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.

மூன்றாவது, புள்ளிகள். நீங்கள் தழும்பு என்று எழுதியிருந்தாலும், பள்ளமோ மேடோ இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தழும்பில் சேராது. நம் போன்ற மாநிறத் தோலில் எங்கே சின்ன அழற்சி வந்தாலும் நிறமிச் செல்கள் மெலனினைக் கூடுதலாகக் கொட்டிவிடும். கொசுக்கடி கூட மாதக்கணக்கில் புள்ளியாக நிற்பது இதனால்தான். பழுப்பு நிறப் புள்ளி என்றால் மேல்தோலில் இருக்கிறது, சில மாதங்களில் மங்கும். சாம்பலும் நீலமும் கலந்த மாதிரி தெரிந்தால் நிறமி ஆழத்தில் இறங்கிவிட்டது, அதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். இரண்டிலும் புதுப் பரு வருவதை நிறுத்தாமல் பழைய புள்ளியை மட்டும் துரத்துவது வீண் வேலை. பருவைக் கிள்ளுவதும் கணக்கில் வரும். கிள்ளிய பரு விடும் புள்ளி, கிள்ளாத பருவின் புள்ளியைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஆக உங்களுக்கு வேண்டியது பருவுக்கும் புள்ளிக்கும் இரண்டுக்கும் வேலை செய்கிற, எரிச்சல் குறைவான, கர்ப்பம் தரித்தாலும் நிறுத்த வேண்டியிராத ஒரு பொருள். ஒன்று இருக்கிறது, அது உங்கள் அலமாரியில் இல்லை. அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருப்பது. பருக் கிருமியைக் குறைக்கும், துளைகள் அடைபடுவதைக் குறைக்கும், மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியையும் தடுக்கும். அதிலும் அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களைத்தான் குறிவைக்கும், மற்ற இடத் தோலை வெளுக்க வைக்காது. வீடியோக்களில் இதற்கு அவ்வளவு மவுசு இல்லை. ஒரே வாரத்தில் முன்-பின் படம் காட்ட முடியாத பொருளுக்கு எப்படி மவுசு வரும்!

ஐந்தாவது வாரம் 10 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். முதலில் தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஒரு வாரம் தினமும் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்க வேண்டாம், பரு வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும். போட்டதும் கால் மணி நேரம் எறும்பு ஊர்வது மாதிரி அரிக்கும், அது வழக்கம். மாய்ஸ்சரைசர் போட்டு அதன் மேல் இதைப் போட்டால் அரிப்பு குறையும். இரண்டு வாரம் கழித்து தினமும் போடலாம். பருவில் மாற்றம் தெரிய இரண்டு மாதம், புள்ளிகளில் தெரிய மூன்று மாதம். 20 சதவீதத்துக்குப் போவதென்றால் மருத்துவர் சொல்லட்டும்.

பழைய பாட்டில்களில் நியாசினமைடை மட்டும் எட்டாவது வாரத்துக்குப் பிறகு திரும்ப எடுக்கலாம். மெலனின் நிறமிச் செல்லிலிருந்து சுற்றியுள்ள செல்களுக்குப் போவதை அது குறைக்கும், எண்ணெய் வடிவதும் சற்றுக் குறையும். 10 சதவீதம் உறுத்தினால் இரண்டு சொட்டை மாய்ஸ்சரைசரோடு குழைத்துப் போடுங்கள். வைட்டமின் சி-யையும் நியாசினமைடையும் சேர்க்கவே கூடாது என்று பரவியிருப்பது பழைய பயம், இன்றைய தயாரிப்புகளில் அப்படி ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் உங்களுக்கு வைட்டமின் சி இப்போது தேவையே இல்லை என்பது வேறு விஷயம். அந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாங்கும்போது தண்ணீர் நிறத்தில் இருந்தது இப்போது டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம். நம் ஊர்ச் சூட்டில் குளியலறை அலமாரியில் வைத்த சீரம் அட்டையில் போட்ட தேதி வரை தாங்கும் என்று நம்ப வேண்டாம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷை முகம் தேறிய பிறகு வாரம் இரண்டு நாள் நெற்றிக்கும் மூக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும். கிளைகாலிக் டோனரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ரெட்டினால் வேண்டாம். அது சேர்ந்த ரெட்டினாய்டு வகை மருந்துகளைப் போல பருவுக்கு நிரூபிக்கப்பட்டது குறைவு, சாதாரணமாக 31 வயதில் தாடைப் பருவோடு வருபவருக்கு நானே அந்த வகையில் ஒன்றான அடாபலீன் எழுதுவேன். முகத்தில் போடும்போது உடலுக்குள் போகும் அளவும் சொற்பம்தான். ஆனாலும் கர்ப்ப காலத்திலும் அதற்கு முயற்சி செய்யும்போதும் இந்த வகையைத் தவிர்ப்பதே நடைமுறை. மூன்று மாதம் பழகி, பலன் தெரிய ஆரம்பிக்கும்போது நிறுத்த வேண்டியிருக்கும் ஒன்றை எதற்கு ஆரம்பிக்க வேண்டும்? உங்கள் தோழி ஒருத்திக்கு அதே வயது, அதே பரு, ஆனால் இரண்டு குழந்தை பெற்று முடித்துவிட்டார் என்றால் அவருக்கு என் பதில் வேறு.

இனி சன்ஸ்க்ரீன். உங்கள் பட்டியலில் இதுவும் இல்லை, ஆனால் பணத்தை முதலில் போட வேண்டியது இதில்தான். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை 1975-ல் கொண்டுவந்தபோது அதில் வெள்ளைத் தோல் வகைகள் மட்டும்தான் இருந்தன, பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. சன்ஸ்க்ரீன் அட்டையில் உள்ள எஸ்பிஎஃப் எண்ணும் தோல் சிவந்து பொசுங்குவதை வைத்துப் போட்டதுதான். நமக்கு வெயிலில் பெரிய பிரச்சினை பொசுங்கல் இல்லை, கறுத்துப்போவது. நம் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறமியைத் தூண்டும். சாதாரண சன்ஸ்க்ரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்க்ரீன்தான் தடுக்கும். வாங்கும்போது அட்டையில் 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா பாருங்கள், அவைதான் அயர்ன் ஆக்ஸைடின் சாய எண்கள். சிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன் போட்டுச் சாம்பல் பூசிய மாதிரி ஆகி, வெறுத்துப்போய் விட்டவர்களுக்கும் இந்தச் சாயம் ஒரு வழி. எஸ்பிஎஃப் 30-ஓ 50-ஓ, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது சுமார் 97 சதவீதமும் இரண்டாவது சுமார் 98 சதவீதமும் தடுக்கும். போடும் அளவில்தான் வித்தியாசம் வருகிறது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்தால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. பெரும்பாலானவர்கள் அதில் பாதிகூடப் போடுவதில்லை.

உங்கள் நாளுக்குள் இதை எப்படிப் பொருத்துவது? காலையில் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்க்ரீன். காய்ந்த பிறகு துப்பட்டா, ஹெல்மெட். செக்கிங் டேபிள் ஜன்னலை ஒட்டி இருந்தால் கண்ணாடி வழியாகவும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் வரும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகத்தை ஈரத்துணியால் ஒத்தி எடுத்துவிட்டு இன்னொரு தடவை. உள்ளே தள்ளி, டியூப்லைட் வெளிச்சத்தில் உட்காருகிறீர்கள் என்றால் மதியம் வேண்டாம், சாயங்காலம் கிளம்பும் நேரம் வெயில் இருக்கிறதா பார்த்துப் போட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை முகம் கழுவுவது. சமைத்து, சாப்பிட்டு, சீரியல் முடிந்து, தூங்கப் போகும்போது கழுவிக்கொள்ளலாம் என்று வைத்தால் பாதி நாள் அப்படியே படுத்துவிடுவீர்கள். கழுவி மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுக்கொண்டு, படுக்கும் முன் அசெலாயிக்கைத் தடவுங்கள். அதற்கு மறுபடி கழுவ வேண்டியதில்லை.

புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியும். பொருட்கள் பட்டியலை வாசிக்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அளவில் அதிகமானது முதலில் வரும், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். குங்குமப்பூ, சந்தனம், முத்து என்று முன்பக்கம் பெரிதாகப் படம் போட்டு, பட்டியலில் அது வாசனைக்கும் கீழே இருந்தால் காசு படத்துக்குத்தான்.

அம்மாவிடம் எலுமிச்சையை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும், உங்கள் டோனரைவிடக் கடுமையான அமிலம். போட்டுக்கொண்டு வெயிலில் போனால் பட்ட இடம் கருகி, கோடு கோடாகக் கறுத்து நிற்பதையும் பார்க்கிறோம். கடலை மாவை உலர்வாகத் தேய்க்காமல் தயிரில் குழைத்து, கை காலுக்குப் போட்டுக்கொள்ளலாம். முகம் தேறும் வரை முகத்துக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலன்று அம்மா கையால் முதுகுக்கு நலங்கு மாவு தேய்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கர்ப்பம் உறுதியான பிறகும் இந்த ரொட்டீனில் க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், அசெலாயிக், நியாசினமைடு எல்லாம் அப்படியே தொடரலாம். மகப்பேறு மருத்துவரிடம் பட்டியலை ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்த மாதங்களில் கன்னத்தில் மங்கு படர்வது சகஜம், அதற்கும் அந்தச் சாயம் போட்ட சன்ஸ்க்ரீன்தான் முதல் மருந்து. அப்போது பயந்துபோய் யார் கொடுக்கும் ட்யூபையும் வாங்காதீர்கள்.

தங்கைக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். வறண்ட சருமத்தோடு மேல்கையில் சொரசொரப்பு என்றால் அது பெரும்பாலும் கெரட்டோசிஸ் பிலாரிஸ், முடிக்கால்களில் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்துக்கொள்வது. குடும்பவழி வருவது, ஆபத்தில்லாதது, வயது ஏற ஏறக் குறையும். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் சிவந்து புள்ளியாகுமே தவிரப் போகாது. 10 சதவீத யூரியா க்ரீம் அல்லது லாக்டிக் அமிலம் கலந்த லோஷன் வாங்கி, குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் மேல்கையில் தடவச் சொல்லுங்கள். முகத்துக்குச் சோப்பு இல்லாத க்ளென்சர், உங்களுடையதைவிடக் கொஞ்சம் கெட்டியான மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். 19 வயதுக்கு சீரம் எதுவும் தேவையில்லை. உங்கள் ரெட்டினால் பாட்டிலையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள்.